பால்மரக் காட்டிலிருந்து ஓட்டப் பாதைக்கு...

ஈப்போவில் ஓட்டப் போட்டி நடைபெறும் ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது விடிவதற்கு முன்பே பட்டணம் விழித்துக் கொள்கிறது. தெருவிளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கானோர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக் கொண்டிருப்பார்கள். அவர்களில் நம்மவர்களும் நிறையப் பேர். சுங்கை சிப்புட், கோப்பெங், கம்பார், பத்துகாஜா வட்டாரத் தோட்டங்களை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இதே விடியற்காலை இருட்டில் இவர்களின் தாத்தாவும் பாட்டியும் எங்கே இருந்தார்கள்? தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். தலையில் விளக்கு, கையில் பால் வெட்டும் கத்தி, தோளில் காண்டாக் கம்பு, வாளி. வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி முடிக்க வேண்டும். ஏனென்றால் குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். மரத்துக்கு மரம் அவர்கள் எடுத்து வைத்த வேக நடையும் ஓர் ஓட்டம்தான். அந்த ஓட்டத்துக்குப் பதக்கம் கிடையாது. பலருக்குக் காலில் சப்பாத்தும் கிடையாது.

இன்று பேரப்பிள்ளைகள் சப்பாத்துக் கடையில் நின்று தடுமாறுகிறார்கள். சுவர் முழுக்கச் சப்பாத்து. ஒன்று நூறு ரிங்கிட், பக்கத்தில் இருப்பது ஆயிரம் ரிங்கிட். விலை கூடியதுதான் நல்லதா? நண்பன் போட்டிருப்பதையே வாங்கலாமா? ஐந்து கிலோமீட்டர் ஓடுபவரும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுபவரும் ஒரே சப்பாத்தைப் போடலாமா?

இந்தக் கேள்விகளுக்குக் கடைக்காரர் சொல்லும் பதிலைவிட, சப்பாத்தின் வரலாறு சொல்லும் பதில் தெளிவானது. அந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் நம் பேராக் மண்ணில் தொடங்குகிறது.

ஒன்பது கன்றுகள்

1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அங்கே முளைத்த கன்றுகளில் சில இலங்கைக்கு வந்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாருக்கு வந்தன. அப்போதைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில் நடப்பட்ட அந்த ஒன்பதில் எஞ்சியது என்று சொல்லப்படும் ஒரு மரம் இன்றும் கோலகங்சாரில் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. அந்த வழியாகப் போகும் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ரப்பர் பாலுக்கும் பாதத்துக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. அமேசான் காட்டுப் பழங்குடி மக்கள் ரப்பர் பாலைக் கொண்டு காலுக்கு உறை செய்து கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலில் செய்த ரப்பர் சப்பாத்துகள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயின. ஆனால் அவற்றில் ஒரு பெரிய குறை. வெயில் காலத்தில் இளகி ஒட்டும், குளிர் காலத்தில் கல்லாக இறுகி வெடிக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்கும் வழியை 1839இல் கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் குட்இயர். ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினார். அதன் பிறகு ரப்பர் வெயிலுக்கு இளகவில்லை, குளிருக்கு வெடிக்கவில்லை. வளைத்தால் வளைந்து மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. ஓட்டச் சப்பாத்தின் அடிப்பாகம் பிறந்த நேரம் அதுதான் என்று சொல்லலாம். துணி மேல்பாகமும் ரப்பர் அடிப்பாகமும் கொண்ட லேசான சப்பாத்துகள் இங்கிலாந்தில் பரவின. 1916இல் அமெரிக்க ரப்பர் நிறுவனம் 'கெட்ஸ்' என்ற பெயரில் அவற்றை விற்கத் தொடங்கியது. நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறையாகப் போட்ட வெள்ளைக் கேன்வஸ் சப்பாத்தும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பால் கொடுத்த கைகள், வெறும் கால்கள்

மோட்டார் வண்டிகள் பெருகி டயருக்குத் தேவை ஏற்பட்டபோது மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் மூலம் ஆட்கள் கொண்டு வரப்பட்டனர். காட்டை அழித்தார்கள், கன்று நட்டார்கள், மரம் வெட்டினார்கள். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமந்தார்கள். அங்கே அமிலம் கலந்து உறைய வைத்து, உருட்டிப் பாளமாக்கி, புகைக் கொட்டகையில் காய வைத்துக் கப்பலேற்றினார்கள். அந்தப் பாளங்கள் உலகத்தின் சக்கரங்களுக்கு டயராகவும் உலகத்தின் கால்களுக்குச் சப்பாத்தாகவும் மாறின.

ஆனால் அந்தப் பாலை எடுத்தவர்களின் கால்கள்?

1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய ஒரு மருத்துவக் குழு மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் ஆய்வு நடத்தியது. அது தேடி வந்தது கொக்கிப்புழு நோயை. இந்தப் புழுவின் குஞ்சு ஈரமண்ணில் கிடக்கும். வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து உடம்புக்குள் புகும். பிறகு குடலில் ஒட்டிக் கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். இரத்தச் சோகை வரும், உடம்பு வெளுக்கும், வேலை செய்யத் தெம்பு இருக்காது. 'சோம்பேறி' என்று துரைமார்கள் திட்டிய தொழிலாளிகளில் எத்தனை பேர் உண்மையில் இந்தப் புழுவால் துவண்டவர்களோ!

கழிவறை வசதியும் ஒரு சோடிச் சப்பாத்தும் இருந்திருந்தால் பெருமளவு தடுத்திருக்கக் கூடிய நோய் அது. உலகத்துக்கே சப்பாத்து அடி கொடுத்த தோட்டத்தில், வெறும் பாதம் வழியாகவே நோய் ஏறியது. ஓட்டச் சப்பாத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. சப்பாத்தின் முதல் வேலை வேகம் கொடுப்பது அல்ல, காலைக் காப்பது.

பிறகு தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் வந்தன. திடல்கள் வந்தன. ஆண்டு விளையாட்டுப் போட்டி வந்தால் லயம் முழுக்கத் திடலில் கூடும். சுண்ணாம்புக் கோடு போட்ட புல்தரையில் பிள்ளைகள் வெறுங்காலோடு பறந்தார்கள். புல்தரை, குறைந்த தூரம், சிறுவயதுக் கால். அங்கே வெறுங்கால் போதுமானதாக இருந்தது. சிக்கல் எழுந்தது அந்தப் பிள்ளை மாவட்டப் போட்டிக்குப் போனபோது. பட்டணத்துப் பள்ளி மாணவன் அடியில் ஆணி பதித்த ஸ்பைக் சப்பாத்துடன் பக்கத்துத் தடத்தில் நிற்பான். திறமை சமமாக இருந்தாலும் தரையைப் பற்றும் பிடி சமமாக இருக்காது.

கோலகங்சாரில் பிறந்த வேகம்

ஸ்பைக் சப்பாத்து என்ன செய்கிறது? நூறு மீட்டர் ஓடும் வீரர் ஏறக்குறைய 45 முதல் 50 எட்டுகளில் தூரத்தை முடித்துவிடுகிறார். ஒவ்வோர் எட்டிலும் பாதம் தரையில் இருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் தரையைப் பிடித்துப் பின்னால் தள்ள வேண்டும். வழுக்கினால் போச்சு! அதனால்தான் முன்பாதத்தில் ஆணி. குதிகால் தரையைத் தொடுவதே அரிது என்பதால் அங்கே மெத்தை தேவையில்லை. இங்கிலாந்தின் போல்ட்டன் நகரில் ஜோசப் வில்லியம் போஸ்டர் 1890களிலேயே இத்தகைய ஆணிச் சப்பாத்துகளைச் செய்தார். அவருடைய பேரன்கள்தான் பிற்காலத்தில் 'ரீபோக்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் அணிந்தது ஜெர்மனியின் டாஸ்லர் சகோதரர்கள் செய்த ஸ்பைக். அந்தச் சகோதரர்கள் பிரிந்தபோது ஒருவர் 'அடிடாஸ்' தொடங்கினார், மற்றவர் 'பூமா' தொடங்கினார்.

குறுந்தூர ஓட்டத்தில் நம் நாட்டின் பெயரை ஆசியாவுக்குச் சொன்னவர் எம். ஜெகதீசன். 1943இல் பிறந்தார். எங்கே? முதல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட அதே கோலகங்சாரில்! 1960 ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவின் சார்பில் ஓடியபோது அவருக்கு வயது 16. 1962 ஜாகர்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம். அதே பேங்காக்கில் 400 மீட்டரில் எம். ராஜமணி தங்கம் வென்றார். அந்த ஆண்டு தேசிய அளவில் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் இவர்கள் இருவருக்கும் கிடைத்தன. ஜெகதீசன் மருத்துவப் படிப்பையும் முடித்ததால் 'பறக்கும் டாக்டர்' என்று மக்கள் அன்போடு அழைத்தார்கள்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை சென்ற ஜெகதீசன், அங்கே 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நிலைத்தது. 2017இல்தான் கைருல் ஹபிஸ் ஜந்தான் அதை 20.90 விநாடியாகக் குறைத்தார்.

மெக்சிகோவில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை ஒலிம்பிக் ஓட்டங்கள் கரித்தூள் போட்ட தடத்தில் நடந்தன. பொலபொலவென்று பெயரும் அந்தத் தடத்துக்கு நீளமான ஆணி வேண்டும். மெக்சிகோவில்தான் முதன்முதலாக ரப்பர் போன்ற செயற்கைத் தடம் ஒலிம்பிக்கில் போடப்பட்டது. அதற்கு நீள ஆணி ஆகாது, குத்திக் கொண்டு வெளியே வராது. இன்றைய விதிப்படி செயற்கைத் தடத்தில் ஓடுபவரின் ஆணி 9 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மற்றத் தரைகளில் 25 மில்லிமீட்டர் வரை போகலாம். தரை மாறினால் சப்பாத்தும் மாற வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அதே 1968இல் பூமா நிறுவனம் 68 சிறு ஆணிகள் கொண்ட 'பிரஷ்' சப்பாத்தைக் கொண்டு வந்தது. அதை அணிந்து அமெரிக்காவின் ஜான் கார்லோஸ் தகுதிச் சுற்றில் 200 மீட்டரை 19.92 விநாடியில் ஓடினார். ஆறு ஆணிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியைக் காட்டி அனைத்துலகச் சங்கம் அந்தச் சப்பாத்துக்குத் தடை போட்டது. சாதனையும் ஏற்கப்படவில்லை. ஓடியது காலா, சப்பாத்தா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

ரோமில் வெறுங்கால், தோக்கியோவில் சப்பாத்து

பதினாறு வயது ஜெகதீசன் ரோமுக்குப் போன அதே 1960 ஒலிம்பிக்கில், எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா மாரத்தான் ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம், 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. கொடுக்கப்பட்ட சப்பாத்து காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழகியவர் என்பதால் அதைக் கழற்றி வைத்துவிட்டார்.

இதைச் சொல்லி 'சப்பாத்தே தேவையில்லை' என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்துத் தோக்கியோவில் அதே பிகிலா சப்பாத்து அணிந்து ஓடினார். நேரம் 2 மணி 12 நிமிடம் 11 விநாடி. மீண்டும் தங்கம். அதுவும் குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து சுமார் ஆறு வாரங்களில்! பிகிலா காட்டும் பாடம் வெறுங்கால் நல்லது என்பதல்ல. பொருந்தாத சப்பாத்தைவிட வெறுங்கால் மேல், பொருந்திய சப்பாத்து வெறுங்காலைவிடக் கெட்டதல்ல என்பதே.

நெடுந்தூர ஓட்டக்காரருக்கு எதிரி வேறு. பிடி அல்ல, அடி. ஓடும்போது ஒவ்வோர் எட்டிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 21 கிலோமீட்டர் அரை மாரத்தானில், எட்டுக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால், 21,000 எட்டுகள். நூறு மீட்டர் ஓட்டக்காரரின் 50 எட்டுகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே அரை விநாடிதான் பிரச்சினை. இங்கே முட்டியும் குதிகாலும் கணுக்காலும் பிரச்சினை. அதோடு வெப்பம், வியர்வை, கொப்புளம். ஜப்பானின் ஒனிட்சுகா நிறுவனம் 1960ஆம் ஆண்டையொட்டிக் கொப்புளத்தைக் குறைக்கவே காற்றுப் புகும் துளைகள் கொண்ட மாரத்தான் சப்பாத்தைச் செய்தது.

இதற்கிடையே ரப்பரின் கதையும் திசை மாறியிருந்தது. 1942இல் ஜப்பானியர்கள் மலாயாவைப் பிடித்ததும், அமெரிக்கா தனக்கு வந்து கொண்டிருந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 விழுக்காட்டை இழந்தது. வேறு வழியில்லாமல் பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் தயாரிக்கும் தொழிலை அவசர அவசரமாகப் பெருக்கியது. போர் முடிந்தும் அந்தத் தொழில் நிற்கவில்லை. பிறகு நுரைப் பொருள்கள் வந்தன. 1970களில் ஓட்டச் சப்பாத்தின் நடுவில் 'ஈவிஏ' என்ற லேசான நுரை அடுக்கு இடம் பிடித்தது. 1971இல் அமெரிக்கப் பயிற்றுநர் பில் போவர்மன் தம் வீட்டு அப்பச் சட்டியில் ரப்பர் கலவையை ஊற்றிக் கட்டம் கட்டமான அடிப்பாகத்தைச் செய்து பார்த்தது இந்தக் காலத்தில்தான். அவர் நிறுவனர்களில் ஒருவராக இருந்த நிறுவனம் 'நைக்கி' ஆனது. இன்றைய ஓட்டச் சப்பாத்தில் தரையைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டும் ரப்பர் இருக்கிறது. அதிலும் பெரும்பங்கு செயற்கை ரப்பர்.

தோட்டத்தில் மரம் வெட்டியவர்களுக்கு இந்த மாற்றம் விலை வீழ்ச்சியாக வந்து சேர்ந்தது. ரப்பர் மரங்கள் சாய்ந்தன, செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின. 1990களின் தொடக்கத்தில் உலகின் முதல் ரப்பர் உற்பத்தி நாடு என்ற இடத்தையும் மலேசியா தாய்லாந்திடம் விட்டுக் கொடுத்தது. பேராக் தோட்டத்து மக்கள் ஈப்போவின் ஓரங்களிலும் புதிய குடியிருப்புகளிலும் குடியேறினார்கள். திடலும் தோட்டத்தோடு போனது. புல்தரையில் ஓடிய கால்கள் தார்ச்சாலைக்கு வந்தன. தார்ச்சாலை மெத்தை கேட்கும் தரை.

ஆயிரம் ரிங்கிட் சப்பாத்து

2017இல் நைக்கி ஒரு புதிய வகைச் சப்பாத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. தடித்த, ஆனால் மிக லேசான நுரை. அதன் நடுவே வளைந்த கரிமநார்த் தகடு. மிதித்த விசையில் அதிகப் பங்கைத் திருப்பிக் கொடுப்பதால் ஓடுபவரின் சக்தி மிச்சமாகிறது. 2019 அக்டோபரில் வியன்னாவில் எலியுட் கிப்சோகே இத்தகைய சப்பாத்தோடு 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தைக் கடந்தார். அது சிறப்பு ஏற்பாட்டில் நடந்த ஓட்டம் என்பதால் சாதனைப் பட்டியலில் சேரவில்லை.

1968இல் நடந்தது மீண்டும் நடந்தது. 2020இல் உலகத் திடல்தடச் சங்கம் விதி கொண்டு வந்தது. சாலை ஓட்டச் சப்பாத்தின் அடித்தடிமன் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஒரு தகட்டுக்கு மேல் கூடாது. திடல்தட ஓட்டங்களுக்கு 2024 நவம்பர் முதல் 20 மில்லிமீட்டர்தான் எல்லை. சாலையில் சட்டப்படி செல்லும் சப்பாத்து திடலில் சட்டவிரோதம்! சங்கமே தூரத்தையும் தரையையும் பார்த்துத்தான் சப்பாத்தை அளக்கிறது.

இந்தச் சப்பாத்துகள் நம் கடைகளில் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகின்றன. கிப்சோகே வேகத்தில் ஓடுபவருக்கு அது ஆயுதம். வாரத்துக்கு இரண்டு நாள் போலோ மைதானத்தில் மெதுவோட்டம் ஓடுபவருக்கு அது பெரும்பாலும் அலங்காரம். நுரை சீக்கிரம் அமுங்கிவிடும். உயரமான, மெத்தென்ற அடிப்பாகம் பலவீனமான கணுக்காலைத் தள்ளாட வைக்கும்.

எந்தத் தூரத்துக்கு எது?

100 முதல் 400 மீட்டர் வரை: முன்பாகம் விறைப்பாக உள்ள ஸ்பைக். மெத்தை வேண்டாம், எடை குறைவாக இருக்க வேண்டும், காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஆணியின் நீளத்தைத் தரை முடிவு செய்யும். தொடக்கப்பள்ளிப் பிள்ளை புல்தரையில் ஓடுவதற்கு ஸ்பைக் அவசியமில்லை.

800, 1500 மீட்டர்: ஸ்பைக்தான், ஆனால் இன்னும் சற்று வளைந்து கொடுக்க வேண்டும். களைத்த கால் குதிகாலையும் ஊன்றும் என்பதால் அங்கே மெல்லிய மெத்தை தேவை. நூறு மீட்டர் ஸ்பைக்கைப் போட்டுக் கொண்டு 1500 ஓடினால் மறுநாள் பின்னங்கால் சதை பேசும்.

5, 10 கிலோமீட்டர் சாலை ஓட்டம்: லேசான சாலைச் சப்பாத்து. புதிதாக ஓடத் தொடங்கியவர் தினப் பயிற்சிக்குப் போடும் சாதாரணச் சப்பாத்தையே போட்டியிலும் போடலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

21, 42 கிலோமீட்டர்: இங்கே மெத்தையும் பொருத்தமும் முதல். ஓட ஓடப் பாதம் வீங்கும். அதனால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடைவெளி இருக்க வேண்டும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஓடும்போது போடும் காலுறையுடன் போய் வாங்குவது நல்லது. போட்டி நாளன்று புதுச் சப்பாத்தைப் போடவே கூடாது. கல்யாணத்துக்கு வேண்டுமானால் புதுச் செருப்பு, மாரத்தானுக்குப் பழகிய சப்பாத்து!

பாதத்தின் வளைவை அளந்து அதற்கென்று தனிச் சப்பாத்து விற்பது நீண்ட நாள் வழக்கம். அமெரிக்கப் படைகளின் அடிப்படைப் பயிற்சியில் ஆயிரக்கணக்கானோரை வைத்து இதைச் சோதித்தார்கள். பாத வளைவைப் பார்த்துச் சப்பாத்துக் கொடுத்ததால் காயங்கள் குறையவில்லை. கால் மருத்துவக் காரணம் இல்லாதவர்கள் போட்டு ஓடிப் பார்த்து, காலுக்கு இதமாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பதே போதும் என்பதுதான் இன்று பல ஆய்வாளர்கள் சொல்லும் அறிவுரை.

500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியதும் மெத்தை தளர்ந்துவிடும், மேல்பாகம் பளபளவென்று இருந்தாலும் சரி. ஈப்போ மழையில் நனைந்த சப்பாத்தை வெயிலில் வாட்டாமல் நிழலில், உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்துக் காய வைத்தால் ஆயுள் கூடும்.

தோட்டம் கொடுத்த சப்பாத்து

இந்தப் பட்டியலில் விடுபட்ட ஒன்று உண்டு. காட்டு ஓட்டம், மலை ஓட்டம். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள். கிளேடாங் மலையில் விடுமுறை நாள் காலைகளில் கூட்டம் ஏறுகிறது. அங்கே மழைக்குப் பிறகு பாதை சேறாகும், வேர் வழுக்கும்.

அந்தப் பாதைகளில் ஓடும் அனுபவசாலிகள் சிலரின் காலைப் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கும். கறுப்பு நிறத்தில், முழுக்க ரப்பரால் ஒரே வார்ப்பாகச் செய்த சப்பாத்து. அடியில் குமிழ் குமிழாகப் பிடிகள். நாடு முழுக்க அதற்கு வேடிக்கைப் பெயர் 'அடிடாஸ் கம்போங்'. அந்தப் பெரிய நிறுவனத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பால் வெட்டுபவர்களும் செம்பனைக் குலை அறுப்பவர்களும் காலையில் மாட்டிக் கொண்டு போகும் அதே தோட்டத்துச் சப்பாத்துதான். பத்து இருபது ரிங்கிட்டுக்குச் சீனர் மளிகைக் கடையிலும் இரும்புக் கடையிலும் கிடைத்தது.

ஏன் அதை விரும்புகிறார்கள்? சேற்றைப் பற்றும். தண்ணீரை உறிஞ்சாது. கழுவி உதறினால் காய்ந்துவிடும். ஈரமண்ணும் வேரும் வழுக்கும் சரிவில் வேலை செய்வதற்கென்றே உருவான பிடி அது. ஆனால் அதே சப்பாத்தைப் போட்டுக் கொண்டு தார்ச்சாலையில் 21 கிலோமீட்டர் ஓடினால் முட்டி மன்னிக்காது. மெத்தை என்பதே அதில் கிடையாது. மலையில் ராஜாவாக இருக்கும் சப்பாத்து சாலையில் தண்டனையாகிவிடுகிறது. ஆயிரம் ரிங்கிட் சப்பாத்தோ சாலையில் ராஜா, சேற்றில் சறுக்குமரம். எது உயர்ந்தது என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. எங்கே, எவ்வளவு தூரம் என்ற கேள்விதான் சரி.

பிள்ளைகளின் காலைப் பாருங்கள்

தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் இன்றும் பிள்ளைக்கு ஒரே சோடிப் பள்ளிச் சப்பாத்துதான் எல்லாவற்றுக்கும். நடக்கவும் அதுவே, ஓடவும் அதுவே. கால் வளர்ந்து விரல் முட்டினாலும் ஆண்டு முடியட்டும் என்று தள்ளிப் போடுவோம். இன்னொரு பக்கம், விளம்பரத்தைப் பார்த்துக் கடன் வாங்கிப் பெரிய பெயர் போட்ட சப்பாத்தை வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் உண்டு. இரண்டிலும் கவனிக்கப்படாமல் போவது பிள்ளையின் கால்.

மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகும் பிள்ளைக்கு ஒரு சோடி ஸ்பைக் வாங்கக் குடும்பத்தால் முடியாமல் போகலாம். ஆனால் ஒரு பள்ளியால் முடியும். பல அளவுகளில் பத்துச் சோடி வாங்கி வைத்தால், வளரும் பிள்ளைகள் ஆண்டாண்டாக மாற்றி மாற்றிப் போடலாம். முன்னாள் மாணவர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் பரிசுக் கிண்ணத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். கிண்ணம் அலமாரியில் நிற்கும், சப்பாத்து திடலில் ஓடும்.

கோலகங்சாருக்கு வந்த ஒன்பது கன்றுகளிலிருந்து இந்த மாநிலம் எத்தனையோ கோடிப் பாதங்களுக்கு அடிப்பாகம் கொடுத்திருக்கிறது. அந்தப் பாலை எடுத்தவர்கள் வெறுங்காலோடு நடந்தார்கள், அதனால் நோயும் சுமந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஓட வருகிறார்கள். அவர்கள் காலுக்கு ஏற்ற, தூரத்துக்கு ஏற்ற ஒரு சோடிச் சப்பாத்து கிடைக்கச் செய்வது பெரியவர்களின் பொறுப்பு.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். எவ்வளவு தூரம்? எந்தத் தரை? என் காலுக்கு இதமாக இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால், சப்பாத்தின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.